சரசு அத்தையின் கண்ணில் பட்டாசு படவில்லை

அன்பு மகன் முரளிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. இன்றைக்கு அப்படித் தொடங்க வெட்கமாக இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீ அசந்து தூங்குகிறாய். இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு கூத்து பினாங்கில் வேறு எந்த வீட்டிலும் நடக்காது. வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். முந்தாநாள் உன்னைக் கூப்பிட்டும் விட்டேன். "என்னப்பா?" என்று வந்து நின்றாய். "மோட்டாருக்கு ஆயில் மாத்தினியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் சரசு அத்தையின் கண்ணில் பட்டாசு படவில்லை. அது ஒரு நோய். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரக்கூடிய நோய். உனக்கு மூத்தது அந்த உண்மை, அவ்வளவு காலமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் கண் டாக்டரிடம் பொய் சொன்னேன். வருகிற புதன்கிழமை உன் இடக்கண்ணுக்கு லேசர் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது அந்த டாக்டருக்குத் தெரியாமல் அந்தக் கண்ணைத் தொட விடாதே.

வலக்கண்ணுக்குச் செய்துவிட்டு வந்த முதல் மாதம் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்குப் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் போகும்போது மழை பிடித்தால், கண்ணாடியைக் கழற்றி நெஞ்சுச் சட்டையில் துடைத்துத் துடைத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியவன் நீ. வேலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் கண்ணாடி இடிக்கிறது என்று தினமும் புலம்புவாய். ஒரு கண் சரியானதும் படகுத்துறையில் நின்று, வருகிற ஃபெர்ரியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாய். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். உள்ளே ஒரு பயம் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். 'நாம்' தப்பித்தோம் என்று நினைத்தேன் பார், அதுதான் என் யோக்கியதை.

அப்புறம் ஆறேழு மாதத்தில் மெதுவாக ஆரம்பித்தது. வலக்கண்ணில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுகிறது என்றாய். காய்ந்து ஆற நாளாகும் என்று கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போன வாரம் அத்தை சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நீ அந்தப் பக்கம் போனாய். அத்தை உன்னை நிறுத்தி, "தம்பி, இடது கண்ணைப் பொத்திக்க. இப்ப எத்தனை விளக்கு தெரியுது?" என்று கேட்டாள். "மூணு மாதிரி இருக்கு அத்தை, கீழே வால் வேற" என்று சொல்லிச் சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. நீ வேலைக்குப் போனதும் நேராக என்னிடம் வந்தாள். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம் கொடு என்று கெஞ்சினேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

நான் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் வெட்டுகிறவன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலைக்கு எப்படிப் போனேன் என்று கேட்டிருக்கிறாய், கடை முதலாளி தவ்க்கே நல்ல மனுஷன், கூப்பிட்டு வேலை கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டு மூன்று வருடத்தில் சரசுவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. அப்போது அவளுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். கடையிலேயே சோதித்துக் கண்ணாடி போட்டோம். அவளுக்கான லென்ஸை நானே வெட்டினேன். நாலு மாதத்தில் அது பற்றவில்லை. மறுபடி சோதித்தால், கண்ணின் வளைவுக் கோணலுக்குப் போடும் சிலிண்டர் எண் ஏறியிருந்தது, கோணமும் திரும்பியிருந்தது. இன்னொரு ஜோடி வெட்டினேன். அதுவும் பற்றவில்லை. அழுகிற பெண்ணுக்குக் கண் கெடும், படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படித்தால் கெடும் என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, கார்னியா என்பார்கள். அது உருண்டையாக இருக்க வேண்டும். இவளுக்கு அது மெலிந்து மெலிந்து கூம்பாக முன்னால் தள்ளுகிறது என்றார். கெரட்டோகோனஸ் என்று ஒரு பெயரையும் சொன்னார். உங்கள் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரலாம், பிள்ளைகள் பிறந்தால் கவனித்துப் பாருங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டது நான் ஒருவன்தான். சரசுவும் என் அப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கும் உன் அம்மாவுக்கும் சம்பந்தம் பேசினார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். சரசு முன்னால் வர வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் வந்தவர்கள் ஒன்பது பேர், என் அம்மாவுக்குக் கை பற்றவில்லை. சரசு காப்பித் தட்டோடு வந்தாள். உன் அம்மாவின் பெரிய மாமா கை நீட்ட, இவள் அவர் கைக்கு ஒரு சாண் தள்ளித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். "அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல என்னா?" என்று அவர் கேட்டார். என் அப்பா வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்குப் பொய் வராது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தீபாவளிக்குப் பட்டாசு பட்டுச்சு மாமா, சின்ன வயசுல." எங்கிருந்து அது வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. விபத்து என்றால் ரத்தத்தில் ஓடாது இல்லையா? அவருக்கு நிம்மதி. "பாவம்லா" என்று சொல்லிக் காப்பியை எடுத்துக்கொண்டார். சரசு தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் திருந்தியிருப்பேன். அதற்குப் பதிலாக அந்தப் பொய்யை வாங்கித் தன்னுடையது ஆக்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த உன் அம்மாவிடம் அவளே அதை விவரமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பையன் கொளுத்திப் போட்டது, சிவப்புச் சரம், பச்சைப் பாவாடை கட்டியிருந்தேன் என்று பாவாடையின் நிறம் வரைக்கும் சொன்னாள். நான் அப்போது அந்த அறையில் இருந்தேன். உனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தீபாவளி வந்தால் நான் என்ன சொல்வேன்? "தள்ளி நில்லுடா, அத்தை கண்ணைப் பாரு!" வருடா வருடம் அவளை உனக்குக் காட்டிக் காட்டி எச்சரித்தேன். அவளும் "ஆமா தம்பி, அத்தை மாதிரி ஆயிடாதே" என்று கூடவே சொல்வாள். நீ பயந்துபோய் மத்தாப்பைக்கூடக் கையை முழுசாக நீட்டித்தான் பிடிப்பாய். உன் அம்மா அந்தக் கதையை நம்பியேதான் போய்ச் சேர்ந்தாள் என்று நினைக்கிறேன். ஒருவேளை தெரிந்தும் கேட்காமல் இருந்தாளோ என்று சில சமயம் சந்தேகம் வரும். அதைத் தெரிந்துகொள்ள இனி வழி இல்லை.

சரசுவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நீ ஒரு முறை கேட்டாய். வந்த இரண்டு இடமும் கண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. விபத்துதான் என்று சொல்லி என் சம்பந்தத்தைக் காப்பாற்றிய பொய், அவளுக்கு உதவவில்லை.

இனி எழுதுவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உனக்குப் பன்னிரண்டு வயதில் கண்ணாடி போட்டது. அது சாதாரணக் கிட்டப்பார்வை, பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான். உன் லென்ஸை எல்லாம் நானே வெட்டினேன், ஓரம் தடியாகத் தெரியாமல் சின்ன ஃபிரேமாகத் தேடிப் போட்டேன். உனக்குப் பத்தொன்பது இருபது வயதில் முன்கடையிலிருந்து உன் கண் சோதனைச் சீட்டு என் மேசைக்கு வந்தது. சிலிண்டர் ஏறியிருந்தது, கோணம் திரும்பியிருந்தது. அந்த எண்களை நான் முன்பே வெட்டியிருக்கிறேன். சோதித்தவரிடம் போய், "தப்பா எழுதிட்டீங்க, இன்னொரு தரம் பாருங்க" என்று சண்டைக்கு நின்றேன். அவர் மறுபடி பார்த்தார். அதேதான். உன்னிடம் வந்து, "பெரிய வித்தியாசம் இல்லடா, லேசா ஏறியிருக்கு" என்றேன். அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான் சொன்னேன். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும். போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் வெளியே வந்தால் உன் கல்யாணப் பேச்சு எடுபடாது என்று பயந்தேன். உன் கண்ணைவிட உன் ஜாதகக் கட்டு எனக்குப் பெரிதாகப் போயிற்று.

லேசர் கிளினிக்கில் நடந்தது உனக்கும் நினைவிருக்கும். ஆனால் நீ பார்த்தது வேறு, நடந்தது வேறு. உனக்கு நிச்சயம் செய்த கவிதாவின் அப்பா தன் காடியிலேயே, அவரே கார் ஓட்டி, நம்மைக் கூட்டிவந்தார். மாப்பிள்ளைக்கு நடக்கப்போவது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு டாக்டர் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டர் மெஷினில் எடுத்த உன் கண்ணின் வண்ணப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்ப்பக்கம் ஒரு இடம் சற்று மேடாகத் தெரிகிறது, இது சாதாரணமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார். அதனால்தான் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கார்னியா கோளாறு உண்டா என்று. எனக்குப் புரியாத ஆங்கிலமும் இல்லை, தெரியாத விஷயமும் இல்லை. பக்கத்தில் சம்பந்தி. "நோ, டாக்டர்" என்றேன். அவர் விடவில்லை. கூடப் பிறந்தவர்கள்? "ஒரு தங்கச்சி இருக்கா, அவளுக்கு ஆக்சிடென்ட், பட்டாசு" என்றேன். நீ உடனே, "ஆமா டாக்டர், எங்க அத்தை, சின்ன வயசுல" என்று எனக்குச் சாட்சி சொன்னாய். சம்பந்தி உச்சுக் கொட்டினார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அந்த அறையில் மூன்று பேர் என்னை நம்பினார்கள்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் லேசர் வேண்டாம், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஒரு முறை வெளிநாட்டில் வந்துகொண்டிருக்கிறது, அவசரம் இல்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "கல்யாணத்துக்குள்ள முடிச்சிட்டா நல்லதுலா" என்று சொன்னது நான். நான் 'ஆமாம், என் தங்கைக்கு இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், அவர் அந்த லேசர் மெஷினை உன் பக்கம் திருப்பியே இருக்க மாட்டார்.

நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து வயதானவன், எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். லேசரும் ஒரு வகையில் என் வேலைதான் செய்கிறது. நான் கண்ணாடி லென்ஸைத் தேய்த்துப் பவரைக் கொண்டுவருகிறேன், அது உன் கார்னியாவையே தேய்த்துக் கொண்டுவருகிறது. அந்தத் தோல் நல்ல கனமாக, உறுதியாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல காரியம், கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே மெலிந்துகொண்டு வருகிற தோலை இன்னும் தேய்த்தால், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு அது தாங்காது, முன்னால் தள்ளும். என் மேசையில் ஒரு லென்ஸைத் தேய்த்துக் கெடுத்தால் குப்பையில் போட்டுவிட்டு வேறு எடுப்பேன். உள்ளே வைக்கிற லென்ஸ் வேறு மாதிரி. அதற்குக் கார்னியாவைத் தேய்ப்பதில்லை. ஓரத்தில் சின்னதாகத் திறந்து, உன் சொந்த லென்ஸுக்கு முன்னால் இன்னொன்றை வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் திரும்ப எடுக்கவும் முடியும் என்கிறார்கள். வயதானவர்களுக்குப் புரை எடுத்துவிட்டு வைப்பார்களே, அது இல்லை இது. அதில் சொந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறலாம், சொந்த லென்ஸில் புரை விழலாம், காலம் பூராவும் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூம்பாகிற கண்ணுக்கு அது ஒத்து வருமா, எண் ஓரிடத்தில் நின்ற பிறகுதான் யோசிக்க வேண்டுமா, இதெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இது எதுவும் இல்லாமல் அத்தை போடுகிறாளே, கண்ணின் மேலேயே வைக்கிற அந்தக் கெட்டி லென்ஸ், தினமும் காலையில் கண்ணீரோடு போட்டுக்கொள்கிறாளே, அதுவும் ஒரு வழி. அவள் இத்தனை வருடம் நமக்குச் சமைத்துப் போட்டதும், உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்ததும் அந்த ஒரு லென்ஸை வைத்துக்கொண்டுதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்லமாட்டேன். உன் கண்ணைப் பற்றி முடிவு சொல்லும் தகுதியை அந்தக் கிளினிக்கிலேயே தொலைத்துவிட்டேன்.

டாக்டர் மேல் கோபப்படாதே. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், இரண்டு தரம் கேட்டார். உன் மேலும் கோபப்படாதே, நீ அவசரப்படவில்லை, அவசரப்படுத்தியது நான். இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் கொடு, அவருக்குத் தமிழ் வராது, படித்து மொழிபெயர்த்துச் சொல். வேண்டாம், நானே வந்து சொல்கிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறாள். அவளுடைய கண்ணையும் அந்த மெஷினில் படம் எடுக்கட்டும், உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நேற்று கிளினிக்குக்குப் போன் போட்டு நானே புதன்கிழமைத் தேதியை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நம்பரைக்கூடச் சுழற்றினேன். அப்புறம் வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் உன் கண்ணுக்காக நான் எடுத்த முடிவுகள் போதும்.

கவிதாவிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். அந்தப் பெண் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று, என் மாதிரி செய்யாதே. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதன் கண்ணைச் சின்ன வயதிலிருந்தே காட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ போகச் சொன்னால் சம்பந்தி வீட்டுக்கு நான் போய், அவர் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே சொல்கிறேன். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்கும் நான்தான் காரணம், நீ இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன், மேலே கிறுக்கலாக இருப்பது அதுதான். மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுப் பட்டாசுக் கதையைப் போல அதையும் நீ சுமப்பாய். இப்போதைக்கு வேண்டாம். முதலில் கண்ணைப் பார்ப்போம்.

சரசு அடுப்படியிலிருந்து வந்து எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள். இதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன், முழுசாக. கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சைப் பாவாடை இல்லண்ணே, மஞ்சப் பாவாடைன்னு சொன்னேன்" என்றாள். அப்புறம், "தம்பி தலைமாட்டுல வெச்சிட்டு வெளிய போயிடாதீங்க. கையில குடுங்க. படிச்சி முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருங்க" என்றாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நீ எழுந்திருக்கும் சத்தம் கேட்கிறது. குளித்துவிட்டு வா. சாப்பிடுவதற்கு முன்னால் இதைக் கொடுத்துவிடுவேன். மெதுவாகப் படி. எழுத்து மங்கினால் வலக்கண்ணைப் பொத்திக்கொள். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார், எதிர் நாற்காலியில்தான் இருப்பேன்.

அப்பா